டெல்லி குளிர்லயும் வெயில்லயும் நைஸ் தோசை: அடிக்கடி கேக்கற கேள்விங்க

நான் டெல்லிக்கு வந்து 23 வருஷம் ஆச்சு, ஆர்.கே.புரத்துல இருக்கோம், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இங்க இருக்கற மலை மந்திர் முருகன் கோயில்ல பாக்கறவங்க, பக்கத்து பிளாக்குக்கு புதுசா குடி வர்ற நம்ம ஊர் பசங்க, எல்லாரும் சுத்தி சுத்தி கேக்கறது ஒரே விஷயம் தான். அக்கா, ஊர்ல அம்மா போடற அதே அளவு தான் போடறேன், இங்க மட்டும் ஏன் தோசை வரமாட்டேங்குது?

அளவு அதே தான், ஆனா அம்மாவோட கிச்சன் வருஷம் பூரா 28, 30 டிகிரில இருக்கு, உங்க கிச்சன் ஜனவரில 12 டிகிரிக்கு இறங்குது, ஜூன்ல 40ஐ தொடுது. நான் பாத்த வரைக்கும் இங்க தோசை கெட்டுப்போனா அது பெரும்பாலும் கைக்குத்தம் கிடையாது, சூட்டுக்குத்தம். ஆட்டும்போது மாவு சூடாகிடும், இல்லேன்னா ராத்திரி மாவுக்கு சூடு பத்தாது, அதுவும் இல்லேன்னா வார்க்கும்போது கல்லுல சூடு ஏறிப்போயிருக்கும். கீழ இருக்கற பதில்ல முக்காவாசி இந்த மூணுல ஒண்ணுல தான் போய் நிக்கும். நான் இங்க சொல்றது நைஸ் தோசைக்கு, அதாவது திருநெல்வேலி, மதுரை பக்கம் கடைல கேட்டா மெலிசா முறுகலா கொண்டு வந்து வெப்பாங்களே, அது.

இட்லி அரிசி எங்க தெருக் கடைல கெடைக்க மாட்டேங்குது, வேற எந்த அரிசி வாங்கலாம்?

ஐஎன்ஏ மார்க்கெட், கரோல் பாக், முனிர்கா, மயூர் விஹார் இங்கெல்லாம் நம்ம சாமான் விக்கற கடைங்க இருக்கு, அங்க கெடைக்கும், மாசத்துக்கு ஒரு தடவை போய் 10 கிலோவா வாங்கி வெச்சுக்கலாம். போக முடியலைன்னா தெருக் கடைலயே சேலா அரிசின்னு கேளுங்க. சேலான்னா நம்ம புழுங்கல் அரிசி தான், நெல்ல ஊறவெச்சு ஆவி காட்டி காயவெச்சு குத்தறது. ஆனா பாஸ்மதி சேலாவ கட்டி குடுத்துருவாங்க, அது வேண்டாம், விலையும் ஜாஸ்தி, தோசைக்கு அந்த வாசனையும் ஒட்டாது. பர்மல் சேலான்னு கேட்டு வாங்குங்க, நான் இட்லி அரிசி தீந்து போனப்பல்லாம் அதுல தான் ஓட்டிருக்கேன், தோசைக்கு குறையே சொல்ல முடியாது, இட்லி மட்டும் கொஞ்சம் கெட்டியா வரும்.

சரி, அளவு சொல்லுங்க

புழுங்கல் அரிசி 3 கப், பச்சரிசி 1 கப், முழு உளுந்து 1 கப், கடலைப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன், வெந்தயம் 1 டீஸ்பூன், கெட்டி அவல் கால் கப். நாலு பேர் இருக்கற வீட்டுக்கு இது ரெண்டு மூணு நாள் வரும்.

பச்சரிசி முறுகலுக்கு, கடலைப்பருப்பு கலருக்கு, அவல் போட்டா தோசை முறுகலா இருந்தாலும் வாய்ல வெறைக்காம இருக்கும். டிசம்பர், ஜனவரில நான் உளுந்த ஒண்ணேகால் கப்பா ஏத்திருவேன். மாவ பொங்க வெக்கற சமாச்சாரம் உளுந்துகிட்ட தான் அதிகம் இருக்கு, குளிர்ல அதுக்கு கொஞ்சம் கூட ஆள்பலம் வேணும்.

உளுந்து பொங்கவே மாட்டேங்குது, எவ்வளவு நேரம் ஆட்டினாலும் கெட்டியா கூழ் மாதிரி இருக்கு

அது பழைய உளுந்து. நீங்க எத்தனை நேரம் ஆட்டினாலும் அது அப்படி தான் இருக்கும், உங்க மேல தப்பு இல்ல. எனக்கு ஒரு தடவை இப்படி ஆச்சு, விலை கம்மியா இருக்கேன்னு ஒரு கடைல 5 கிலோ வாங்கிட்டேன், மூணு வாரம் தோசையெல்லாம் ரப்பர் மாதிரி, நான் கிரைண்டர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மெக்கானிக்க வேற கூப்பிட்டேன், வேற கடைல கால் கிலோ வாங்கி ஆட்டினதும் தான் விஷயம் புரிஞ்சது. அதுலேர்ந்து புதுக் கடைல எப்பவும் முதல்ல அரைக் கிலோ தான்.

இங்க உரத் தால்னு மட்டும் கேட்டா உடைச்ச உளுந்தோ கருப்பு உளுந்தோ கைல குடுப்பாங்க. தோல் எடுத்த முழு உளுந்துக்கு கோட்டான்னு பேரு, உரத் கோட்டான்னு கேளுங்க. மங்கலா மஞ்சளடிச்சு இருந்தா விட்டுருங்க, வெள்ளையா கொஞ்சம் பளபளன்னு இருக்கணும்.

உளுந்து மாவு சரியா வந்துருச்சான்னு பாக்க ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு ஒரு சொட்டு மாவ போடுங்க. மிதந்தா சரி. முங்கினா இன்னும் ஆட்டணும், இல்லேன்னா உளுந்து பழசு.

எவ்வளவு நேரம் ஊறணும்?

அரிசி 5 மணி நேரம், உளுந்து 2லேர்ந்து 3 மணி நேரம், வெந்தயத்த உளுந்தோட போட்டுருங்க, கடலைப்பருப்ப அரிசியோட. அவல் ஆட்டறதுக்கு அரை மணி முன்னாடி நனைச்சா போதும். குளிர்காலத்துல டேங்க்லேர்ந்து வர்ற தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், அதுல அரிசி ஊற ரொம்ப நேரம் எடுக்கும், வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி ஊறவைங்க. மே, ஜூன்ல நேர்மாறு, உளுந்த ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சு ஊறவிடுங்க, வெளிய வெச்சா மூணு மணி நேரத்துலயே ஒரு மாதிரி வாடை வந்துரும்.

கிரைண்டர் இல்லாம மிக்ஸில ஆட்டினா நைஸ் தோசை வருமா?

வரும். ஆனா மிக்ஸியோட குணம் தெரிஞ்சு பண்ணணும். கிரைண்டர்ல கல்லு மெதுவா சுத்தி உளுந்த நசுக்கி நசுக்கி காத்த உள்ள ஏத்துது, மிக்ஸி பிளேடு அதே உளுந்த வேகமா வெட்டுது, வெட்டற வேகத்துல மாவு சூடாகிடும். ஜார தொட்டுப் பாருங்க, கை பொறுக்கற மாதிரி வெதுவெதுன்னு இருக்கும்போதே நிறுத்திறணும், அதுக்கு மேல போனா உளுந்தோட அந்த வழவழப்பு போயி மாவு தண்ணி விட்டுக்கும். அதனால கோடைல ஐஸ் தண்ணி ஊத்துங்க, ஒரே மூச்சா ஓட்டாம அரை நிமிஷம் ஓட்டி அரை நிமிஷம் நிறுத்துங்க, கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. ஒரு கப் உளுந்துக்கு ஒண்ணரை கப் தண்ணி பிடிக்கும், நல்ல உளுந்துன்னா இன்னும் கேக்கும்.

ரெண்டு பேர் தான் இருக்கீங்க, வாரத்துக்கு ஒரு தடவை தான் தோசைன்னா மிக்ஸியே போதும். நாலு பேருக்கு மேல இருந்தா கிரைண்டர் வாங்கிருங்க, டேபிள்டாப் 2 லிட்டர் போதும். கோயம்புத்தூர் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே குடுத்துருக்காங்க, அந்த ஊர்க் கல்லுக்கும் கைவேலைக்கும் அவ்வளவு பேர். கிரைண்டர்லயும் உளுந்துக்கு 25 நிமிஷத்துக்கு மேல வேண்டாம், தண்ணிய மொத்தமா ஊத்தாம தெளிச்சு தெளிச்சு ஆட்டுங்க, எங்க ஆச்சி ஆட்டுக்கல்லுல ஆட்டும்போது கையால தண்ணி தெளிச்சுக்கிட்டே தான் தள்ளுவாங்க.

அரிசிய இட்லிக்கு ஆட்டறத விட நைஸா ஆட்டணும். விரலுக்கு நடுவுல தேச்சா மெல்லிசா நறநறன்னு தெரியணும். சுத்தமா வழவழன்னு ஆயிட்டா தோசை முறுகாது, ரவை மாதிரி இருந்தா மெலிசா இழுக்க வராது.

குளிர்காலத்துல மாவு புளிக்கவே மாட்டேங்குது. ரஜாய் (பஞ்சு வெச்ச கனமான போர்வை) சுத்தி வெச்சேன், அப்பவும் காலைல அப்படியே கிடக்கு

இந்தக் கேள்வி நவம்பர் கடைசில ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் வந்துகிட்டே இருக்கும், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

மாவ புளிக்க வெக்கறது உளுந்துலயும் அரிசிலயும் ஏற்கனவே ஒட்டிட்டு இருக்கற கண்ணுக்கு தெரியாத உயிருங்க தான். அதுல முக்கியமானது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ்னு ஒரு பாக்டீரியா, இட்லி மாவ பொங்க வெக்கறது இது தான்னு 1965லயே ஆராய்ச்சி பண்ணி எழுதிருக்காங்க. அது மாவுல இருக்கற சர்க்கரைய சாப்பிட்டு புளிப்பையும் விடும், காத்தையும் விடும். உளுந்தோட வழவழப்பு அந்தக் காத்த வெளிய விடாம புடிச்சு வெக்குது, அதான் மாவு பொங்கறது. அதுக்கு 28லேர்ந்து 32 டிகிரி வரைக்கும் சுகமா இருக்கும். 15 டிகிரிக்கு கீழ போனா சாகாது, ஆனா சோம்பிப் போய் உக்காந்துரும். நீங்க காலைல பாக்கற அந்த அசையாத மாவு அது தான்.

இப்ப ரஜாய் விஷயம். ரஜாய்க்குள்ள நம்ம படுத்தா கதகதன்னு இருக்கறது ரஜாய் சூடு குடுக்கறதால இல்ல, நம்ம உடம்புச் சூட்ட அது வெளிய விடாம வெக்குது, அவ்வளவு தான். சில்லுன்னு இருக்கற மாவ ரஜாய்ல சுத்தினா அது சில்லுன்னே இருக்கும், இன்னும் சொல்லப்போனா வெளியிலேர்ந்து வர்ற கொஞ்ச நஞ்ச சூட்டையும் உள்ள விடாது. அதனால மாவு முதல்லயே வெதுவெதுப்பா இருக்கணும், அப்புறம் தான் சுத்தணும்.

நான் பண்றது இது. ஜனவரில அரிசி ஆட்டும்போது வெந்நீரும் பச்சத்தண்ணியும் கலந்து கை பொறுக்கற சூட்டுல ஊத்துவேன், உளுந்துக்கு சாதா தண்ணி. ரெண்டையும் கலந்து கைய விட்டுப் பாத்தா மாவு கைச்சூட்ட விட கொஞ்சம் கம்மியா இருக்கணும். முந்தின மாவு ஃப்ரிட்ஜ்ல இருந்தா அதுல ரெண்டு கரண்டி சேத்துக்குவேன், ஏற்கனவே வேலை தெரிஞ்ச ஆளுங்கள கூட்டிட்டு வர்ற மாதிரி. அப்புறம் பாத்திரத்த ஓவனுக்குள்ள வெச்சு லைட்ட மட்டும் போட்டு விடுவேன். ஓவன ஆன் பண்ணக்கூடாது, அந்தச் சின்ன பல்பு விடற சூடே போதும். ஒரு தெர்மாமீட்டர் உள்ள போட்டு ஒரு தடவை பாத்துக்கங்க, சில ஓவன் பல்பு 35க்கு மேலயும் ஏத்திரும், அப்ப கதவ ஒரு கரண்டி குடுத்து லேசா திறந்து வைங்க. வீட்ல யாராவது தெரியாம ஓவன போட்டுறாம இருக்க கதவுல ஒரு சீட்டு ஒட்டி வைங்க.

ஓவன்ல லைட் தனியா போட முடியாட்டா மைக்ரோவேவுக்குள்ள ஒரு பெரிய டம்ளர் கொதிக்கற தண்ணியும் மாவுப் பாத்திரமும் வெச்சு மூடுங்க, மிஷின ஓட்ட வேண்டாம், படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ தண்ணிய மாத்துங்க. இல்லேன்னா ஐஸ் பாக்ஸ், அதே டெக்னிக், உள்ள வெந்நீர் பாட்டில். அதுவும் இல்லேன்னா பெரிய அண்டால வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி அதுக்குள்ள மாவுப் பாத்திரத்த இறக்கி, இப்ப ரஜாய சுத்துங்க. ரஜாய் இப்ப தான் பிரயோஜனம்.

ரூம் ஹீட்டர் பக்கத்துல மட்டும் வெக்காதீங்க. நான் வந்த முதல் குளிர்ல ராடு ஹீட்டர் முன்னாடி வெச்சு தூங்கிட்டேன், காலைல பாத்தா ஹீட்டர் பக்கம் இருந்த மாவு வெந்து தோல் கட்டிருந்தது, அந்தப் பக்கம் சில்லுன்னு. மாவு போனது போகட்டும், ராத்திரி முழுக்க ஆள் பாக்காம ஹீட்டர் எரிஞ்சுருக்கு, அத நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

இத்தனையும் பண்ணா 12 மணி நேரத்துல பொங்கிரும். வெறுமனே கிச்சன்ல வெச்சா 20, 24 மணி நேரம் கூட ஆகும், அதுவும் தப்பில்ல, அவசரம் இல்லேன்னா விட்டுருங்க. கடிகாரத்த பாக்காதீங்க, மாவ பாருங்க. ஒண்ணரை மடங்காவது ஏறிருக்கணும், கரண்டிய விட்டா உள்ள குமிழ் குமிழா தெரியணும், மோந்து பாத்தா லேசா புளிப்பு வாசம் வரணும்.

கோடைல நேர்மாறா காலைல பாத்தா புளிச்சு வழிஞ்சு கிடக்கு

ஜூன்ல டெல்லி ராத்திரி கூட 30 டிகிரிக்கு கீழ இறங்காத நாள் இருக்கு, மாவுக்கு 5 மணி நேரமே ஜாஸ்தி. ராத்திரி 8 மணிக்கு ஆட்டி வெச்சுட்டு காலைல 7 மணிக்கு பாத்தா அப்படி தான் ஆகும். சாயங்காலம் ஆட்டி, படுக்கப் போகும்போது பாருங்க, ஏற ஆரம்பிச்சுருந்தா அப்பவே ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிருங்க, மிச்சம் அங்க மெதுவா நடக்கும். பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க.

புளிச்சே போச்சுன்னா கொஞ்சம் அரிசி மாவு கரைச்சு சேத்துக்கலாம், ஆனா நைஸ் தோசை எதிர்பாக்காதீங்க. ரொம்ப புளிச்ச மாவுல சர்க்கரையெல்லாம் காலி, கலர் வராது, கல்லுலயும் ஒட்டும். அன்னிக்கு சின்ன வெங்காயம் பச்சமிளகா தூவி ஊத்தப்பமா ஊத்திருங்க, புளிப்பு அதுக்கு நல்லாவே இருக்கும்.

உப்பு முதல்லயா கடைசிலயா? கையால கலந்தா தான் புளிக்குமாமே?

கோடைல முதல்லயே போடுங்க, உப்பு புளிக்கற வேகத்த கொஞ்சம் குறைக்கும். குளிர்ல புளிச்சப்புறம் போடுங்க. மேல சொன்ன அளவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு. அயோடின் உப்பு போட்டா புளிக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கு, கல்லுப்பு தீந்து போனப்ப நான் அதப் போட்டிருக்கேன், புளிச்சது.

கையால கலக்கறது நல்லது தான், உளுந்தும் அரிசியும் அடி வரைக்கும் ஒண்ணாகுதான்னு கைக்கு தெரியற மாதிரி கரண்டிக்கு தெரியாது, குளிர்ல மாவோட சூடும் தெரிஞ்சுரும். ஆனா கரண்டில கலந்தா புளிக்காதுன்னு இல்ல, பாக்டீரியா உளுந்துலயே இருக்கு.

டெல்லி தண்ணியால தான் வரலைன்னு சொல்றாங்களே?

குழாய்த்தண்ணில குளோரின் வாடை தூக்கலா இருந்தா ஒரு பாத்திரத்துல பிடிச்சு திறந்து வெச்சுட்டு அப்புறம் உபயோகிங்க, இல்ல ஆர்.ஓ. தண்ணி ஊத்துங்க. அதுக்கு மேல தண்ணிய குத்தம் சொல்ல வேண்டாம், இதே தண்ணில அக்டோபர்ல பஞ்சு மாதிரி பொங்குது.

சோடா உப்பு, ஈனோ?

வேண்டாம். தோசைக்கு தேவையே இல்ல. வாய்ல ஒரு சோப்பு ருசி தங்கும்.

வார்க்கறதுக்கு மாவு எந்தப் பதத்துல இருக்கணும்?

கரண்டில எடுத்து ஊத்தினா நாடா மாதிரி விட்டுப்போகாம விழணும், மோர் மாதிரி ஓடக்கூடாது. புளிச்ச மாவு முழுசுலயும் தண்ணி ஊத்தாதீங்க, அன்னிக்கு வேண்டியத மட்டும் தனியா எடுத்து கரைச்சுக்கங்க, மிச்சம் கெட்டியா இருந்தா தான் நாலு நாள் தாங்கும். பொங்கின மாவ போட்டு அடிச்சு கலக்காதீங்க. இட்லிக்கு வேண்டிய அளவுக்கு தோசைக்கு காத்து தேவையில்ல தான், ஆனா அந்தக் குமிழ் இருந்தா தான் தோசை மேல கண்ணு கண்ணா பொத்தல் விழும், பொத்தல் விழுந்தா தான் ஆவி வெளிய போயி முறுகும்.

எந்தக் கல்லு வாங்கறது? சப்பாத்தி தவாலயே ஊத்தலாமா?

இங்க வீட்ல இருக்கற தவா நடுவுல குழிஞ்சு இருக்கும், ரொட்டிக்கு அது வசதி, தோசை மாவு நடுவுலயே போய் தேங்கி நிக்கும், நடு தடிச்சு ஓரம் கருகும். அதுவும் இல்லாம தோசைக்கல்லு எண்ணெய குடிச்சு குடிச்சு பழகணும், சப்பாத்திய எண்ணெய் இல்லாம காஞ்ச கல்லுல போட்டா அந்தப் பழக்கம் விட்டுரும். தோசைக்கு ஒரு தட்டையான கல்லு தனியா வெச்சுக்கங்க, அதுல வேற எதுவும் பண்ணாதீங்க, இந்த ஒரு விஷயத்துல நான் வீட்ல யாருக்கும் விட்டுக் குடுத்ததில்ல.

வார்ப்பிரும்பு நல்லது, 12 இன்ச். கனமா இருக்கறதால சூடு சட்டுன்னு ஏறாது, சட்டுன்னு இறங்காது, மெலிசா இழுக்கறதுக்கு அது தான் வேணும். புதுக் கல்லு வந்தா நல்லா கழுவி வடிச்ச கஞ்சித்தண்ணில ரெண்டு நாள் ஊறப்போட்டு, தினம் தண்ணிய மாத்தி, தேச்சு காய வெச்சு நல்லெண்ணெய் தடவி சிம்ல அரை மணி காய விடுங்க. ஆறினதும் மறுபடி தடவுங்க. இப்படி ஒரு நாலு தடவை. அப்புறமும் முதல் நாள் நைஸ் தோசை ஊத்தாதீங்க, எண்ணெய் தாராளமா விட்டு நாலஞ்சு ஊத்தப்பம் ஊத்துங்க, கல்லு பழகிரும். ஊர்லேர்ந்து அம்மாவோட பழைய கல்ல தூக்கிட்டு வர முடிஞ்சா அதுக்கு ஈடு கிடையாது, நான் என் கல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வேட்டில சுத்தி கொண்டு வந்தேன்.

நல்லெண்ணெய் வாங்கும்போது லேபிள் பாருங்க, இங்க விளக்குக்குன்னு வர்ற தில் எண்ணெய் (இந்தில தில்னா எள்ளு) சாப்பிடறதுக்கு இல்ல.

நான்ஸ்டிக்ல தோசை ஒட்டாது, புதுசா கத்துக்கறவங்களுக்கு அது ஒரு தைரியம். ஆனா காலியா ரொம்ப காய விடக்கூடாது, 260 டிகிரி தாண்டினா அந்தப் பூச்சு கெட ஆரம்பிக்கும்.

கரண்டிய சுத்தினா மாவு உருண்டு கரண்டியோடயே வந்துருது

கல்லு சூடு ஜாஸ்தி. நெறைய பேர் கல்லு நல்லா காஞ்சா தான் தோசை மெலிசா வரும்னு நெனைக்கறாங்க, அது தப்பு. அரிசி மாவு 70 டிகிரி வாக்குலயே வெந்து கெட்டியாக ஆரம்பிச்சுரும். கல்லு கொதிச்சுக் கிடந்தா மாவு விழுந்த நொடியே அடி வெந்துரும், அப்புறம் கரண்டி எத இழுக்கும், வெந்தத தான் பிச்சு எடுக்கும்.

கல்ல நல்லா காய விடுங்க, அப்புறம் தண்ணி தெளிங்க, சுர்ருனு சத்தம் அடங்கினதும் துணியாலயோ பாதி வெங்காயத்துல எண்ணெய் தொட்டோ துடைங்க, அடுப்ப சிம்ல வெச்சுட்டு மாவ நடுவுல ஊத்துங்க. தட்டையான அடி இருக்கற கரண்டியால அழுத்தாம, நிக்காம, நடுவுலேர்ந்து வெளிய ஒரே சுத்தா இழுத்துட்டு வாங்க. கை நின்னா அந்த இடம் தடிக்கும். இழுத்து முடிச்சப்புறம் தான் தீய ஏத்தணும். ஓரத்துலயும் மேலயும் ஒரு ஸ்பூன் எண்ணெய். ஒவ்வொரு தோசைக்கும் இதே தான், தண்ணி, துடை, சிம், ஊத்து, ஏத்து.

எண்ணெய ஊத்தி வெச்ச கல்லுல மாவ ஊத்தினாலும் வழுக்கிட்டு ஓடும், இழுக்க வராது. முதல்ல எண்ணெய் பேருக்கு தான் இருக்கணும்.

கடைல வர்ற அந்த செம்பழுப்பு கலர் எப்படி?

பொறுமை தான் முக்காவாசி. மேல ஈரம் காஞ்சு, ஓரம் தானா கல்ல விட்டு எழும்பற வரைக்கும் தோசைத் திருப்பிய எடுக்காதீங்க. மிதமான தீ. கரைச்ச மாவுல அரை டீஸ்பூன் சர்க்கரை சேத்தா கலர் சீக்கிரம் ஏறும், கடலைப்பருப்பு போட்டிருந்தா அதுவே பாதி பாத்துக்கும். நைஸ் தோசைய திருப்பிப் போட வேண்டாம், ஒரு பக்கம் வெந்தா போதும், அவ்வளவு மெலிசு.

இண்டக்‌ஷன்ல நடு மட்டும் கருகுது

அந்த அடுப்புக்குள்ள இருக்கற கம்பிச்சுருள் (காயில்) எவ்வளவு அகலமோ அவ்வளவு இடம் தான் சூடாகும். கல்ல கம்மி வாட்ல வெச்சு 7, 8 நிமிஷம் காய விடுங்க, சூடு ஓரம் வரைக்கும் பரவட்டும், தோசைய காயில் அகலத்துக்கு சின்னதா ஊத்துங்க. பேப்பர் ரோஸ்டுக்கு கேஸ் தான்.

முதல் தோசை மட்டும் எப்பவும் பிஞ்சு போகுதே?

கல்லு இன்னும் எல்லா இடமும் ஒரே சூட்டுக்கு வரலை, அதான். வார்ப்பிரும்பா இருந்தா பத்து நிமிஷம் முன்னாடியே சிம்ல வெச்சுருங்க. முதல்ல உள்ளங்கை அளவு ஒண்ணு ஊத்திப் பாத்து, அது எந்தப் பக்கம் சீக்கிரம் சிவக்குதுன்னு பாத்துக்கிட்டு கல்ல திருப்பி வைங்க.

ஃப்ரிட்ஜ் மாவு, கடை மாவு?

ஃப்ரிட்ஜ் மாவ எடுத்ததும் ஊத்தினா கல்லு சட்டுன்னு ஆறிப்போகும், தோசை வெளுத்து வரும். அரை மணி வெளிய வைங்க, ஜனவரில ஒரு மணி நேரம். கடை மாவு இட்லிக்கும் தோசைக்கும் பொதுவா ஆட்டறது, அதுல ரெண்டு ஸ்பூன் பச்சரிசி மாவும் கொஞ்சம் தண்ணியும் சேத்து கால் மணி விட்டா நைஸா வரும்.

சிறுதானியம் போட்டா முறுகுமா?

பாதி அரிசிக்கு பதிலா போடுங்க, முறுகும். இங்க கம்பு சுலபமா கெடைக்குது, பாஜ்ரா. முழு தானியமா வாங்கி ஊறவெச்சு ஆட்டுங்க, கம்பு மாவா வாங்கினா சீக்கிரம் காறல் வாடை அடிச்சுரும்.

தோசைன்னா மெலிசா தான் இருக்கணுமா?

யார் சொன்னா? மதுரைக்கு பக்கத்துல அழகர்கோவில்ல பிரசாதமே தோசை தான், நெய்ல வேகற தடி தோசை, மிளகு மணக்கும். எங்க வீட்லயும் முதல் நாள் மாவு இட்லிக்கு, ரெண்டாம் நாள் நைஸ் தோசைக்கு, மூணாம் நாள் ஊத்தப்பத்துக்கு, மாவு என்ன சொல்லுதோ அது.

அக்கா, மாவு புளிக்கலை, ராத்திரி எட்டு பேர் தோசை சாப்பிட வராங்க, இப்ப மணி அஞ்சு

புளிக்காத மாவ ஊத்தாதீங்க, தகடு மாதிரி வரும், நாளைக்கு ஆகும், விட்டுருங்க. ரவா தோசை பண்ணிருங்க. ரவை 2 கப், அரிசி மாவு 2 கப், மைதா அரை கப், புளிச்ச மோர் ஒரு கப், உப்பு, சீரகம், உடைச்ச மிளகு, பொடியா நறுக்கின இஞ்சி, பச்சமிளகா, கறிவேப்பிலை. தண்ணி 8 கப்புக்கு குறையாம பிடிக்கும், மோர விட தண்ணியா இருக்கணும். 20 நிமிஷம் ஊறட்டும், ரவை தண்ணிய குடிச்சுரும், மறுபடி தளர்த்துங்க. ஒவ்வொரு தடவையும் அடி வரைக்கும் கலக்கிட்டு எடுங்க.

இதுக்கு மேல சொன்ன சூட்டு நியாயம் அப்படியே தலைகீழ். கல்லு நல்லா காயணும், தண்ணி தெளிச்சு ஆத்தக்கூடாது. கரண்டிய ஒரு சாண் உயரத்துல பிடிச்சு ஓரத்துலேர்ந்து நடுவுக்கு தெளிச்சு ஊத்துங்க, விழுந்த வேகத்துல பொத்தல் பொத்தலா வலை விழும். கரண்டியால தொடாதீங்க, பெரிய ஓட்டை இருந்தா மட்டும் ஒரு சொட்டு. அப்புறம் தீய மிதமா குறைச்சு எண்ணெய் விட்டு காத்திருங்க, ஒரு தோசைக்கு 4 நிமிஷமாவது ஆகும், அவசரப்பட்டா சொதசொதன்னு போகும். அதனால எட்டு பேரையும் ஒண்ணா உக்கார வெக்காதீங்க, ரெண்டு கல்லு வெச்சுக்கிட்டு ரெண்டு ரெண்டு பேரா கூப்பிடுங்க, ரவா தோசை ஆறினா முறுகல் போயிரும்.